சம்மதம் என்றாள் வெண்ணிலா

அத்தியாயம் 14

சம்பங்கி வந்து நின்றபோது தம்மபாலன் இன்னும் பல்கூட விளக்கி முடிக்கவில்லை. வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் ஆறு மணிக்கு வர வேண்டியது. ஏழாகியும் குழாய் காற்றைத்தான் விட்டுக்கொண்டிருந்தது.

சம்பங்கியின் கக்கத்தில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. சுரங்கத் தொழிலாளர் லைனில் இருக்கிற புத்த விகாரின் கல்யாணங்களையும் நிச்சயங்களையும் அதில்தான் எழுதுவார்கள். விகாருக்குச் செயலாளர் சம்பங்கி. கல்யாணம் நடத்தி வைக்கிறவர் தம்மபாலன். இருவரும் முப்பது வருடம் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

"இன்னாப்பா, ஞாயித்துக்கெழம காலைல நோட்ட தூக்கிக்கினு வந்துட்ட?"

"ஒரு டவுட்டு பாலா. கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"கேளு."

"நேத்து நடந்த கல்யாணத்த எழுதணுமா, வேணாமா?"

தம்மபாலன் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "எந்தக் கல்யாணம்?"

"உம் பொண்ணு கல்யாணம்தாம்பா. நீதான பண்ணி வச்ச?"

தம்மபாலன் சிரித்தார். சம்பங்கியும் சிரித்தார். ஆனால் அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. கிண்டல் பண்ண வருகிறவன் பேனா எடுத்துக்கொண்டு வரமாட்டான்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிட்டால் குழப்பம் கொஞ்சம் குறையும். அல்லது கூடும்.

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடி மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தோரு வருடம் பூமிக்கு அடியில் டிம்பர்மேனாக மரம் நட்டுப் பாறையைத் தாங்கிய தம்மபாலனுக்கு, மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து நேத்ரா வந்தாள். நாடகம் போடுகிறவள். ஊரிகத்துப் பழைய கிளப் ஹாலை வாடகைக்கு எடுத்து, ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தாள். அவரது ஒரே மகள், நர்சரி பள்ளி டீச்சர் வெண்ணிலா, அதில் போய்ச் சேர்ந்தாள்.

கதை இவ்வளவுதான். சுரங்கத்துத் தமிழன் ஒருவனும் பேத்தமங்களாவில் நாற்று நடுகிற கன்னடப் பெண் ஒருத்தியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். தமிழன் வேஷத்தை மஞ்சுநாத் என்கிற கன்னடப் பையனுக்கும், கன்னடப் பெண் வேஷத்தை வெண்ணிலாவுக்கும் கொடுத்தாள் நேத்ரா. ஏன் அப்படி என்று கேட்டதற்கு அரை மணி நேரம் பேசினாள். தம்மபாலனுக்குப் புரியவில்லை. வெண்ணிலா தனக்குப் புரிந்தது என்றாள்.

நாடகத்தில் வருகிற கல்யாணம் விகார் கல்யாணம். தாலி இல்லை, நெருப்பு இல்லை, ஐயர் இல்லை. பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி, பெரியவர் ஒருவர் இருவரையும் தனித்தனியாகக் கேட்பார். இருவரும் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால் முடிந்தது. அந்தப் பெரியவராக, நிஜமாகவே அந்த வேலையைச் செய்கிற தம்மபாலனையே கேட்டாள் நேத்ரா.

"எனுக்கு நடிக்க வராதும்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"நடிக்கவே வேணாம் அங்கிள். எப்பவும் பண்றதப் பண்ணுங்க."

எப்போதும் செய்வதையே செய்தார். அங்கேதான் வந்தது வினை.

பெண் கன்னடத்தில் 'ஒப்பிகே' என்று சொல்ல வேண்டும். கன்னடத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள். பையன் தமிழில் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது. இரண்டு மாதம் அப்படித்தான் சொன்னார்கள்.

நேற்று மேடையில் தம்மபாலன் கேட்டபோது, வெண்ணிலா தமிழில் சம்மதம் என்றாள். மஞ்சுநாத் கன்னடத்தில் ஒப்பிகே என்றான்.

ஹாலில் ஒருத்தரும் திடுக்கிடவில்லை. கோலார் தங்கவயலில் ஒருத்தன் வாயைத் திறந்தால் மூன்று மொழி வந்து போகும். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தாங்கு மரத்தின் முனகல் மாறினாலே நிமிர்ந்து பார்த்துப் பழகிய காது தம்மபாலனுக்கு. கன்னடத்தில் சொல்லியிருந்தால் அந்த வேஷக்காரி சொன்னது. தமிழில் சொன்னது யார்?

அதோடு போகவில்லை. கூட்டத்தில் பாதிக்கு மேல் விகார்க்காரர்கள். சம்மதம் என்ற வார்த்தை காதில் விழுந்து பழகியவர்கள். யாரோ ஒருவர் ஆரம்பிக்க, ஹால் முழுக்க "சாது, சாது, சாது" என்று மூன்று தடவை சொல்லி முடித்தது. விகாரில் ஒரு கல்யாணத்தை ஊர் ஏற்றுக்கொள்கிற வார்த்தை அது. நாடகத்தில் எழுதியிருந்த வார்த்தை இல்லை.

கேட்க வேண்டியவர் கேட்டார். சொல்ல வேண்டியவர்கள் அவரவர் பிறந்த மொழியில் சொன்னார்கள். ஊர் சாது சொன்னது. இதற்கு மேல் நோட்டில் எழுதுவது ஒன்றுதான் பாக்கி.

இன்றைக்கு நாலு மணிக்கு ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வெண்ணிலாவுக்கு நிச்சயம்.

"நாடகம்னு ஒரு வார்த்த சொல்லு பாலா. நோட்ட மூடிக்கினு போயினே இருக்கேன்" என்றார் சம்பங்கி.

தம்மபாலன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்தது. குனிந்து குடத்தை வைத்தார்.

"அப்பறம் சொல்றேன்."

"அப்பறம்னா எப்பறம்? நாலு மணிக்கு நிச்சயத்த எழுதணும். ஒரே பக்கத்துல ஒரே பொண்ணுக்கு ரெண்டு எழுதறதா?"

குடம் நிரம்பி வழிந்தது. தம்மபாலன் எடுக்கவில்லை.

*

சரோஜா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் வாங்கின பீங்கான் கப்புகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கணவர் சொன்னதைக் கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள்.

"இதுல இன்னாங்க கொழப்பம்? நாடகம்."

"சரி."

"இன்னா சரி? மூஞ்சியப் பார்த்தா சரி மாதிரி இல்லையே. லைட்டு போட்டாங்க, பவுடர் பூசினாங்க, டிக்கெட் கிழிச்சாங்க. நாடகம்."

"நம்ம கல்யாணத்துலயும் உனுக்கு பவுடர் பூசினாங்க."

"டிக்கெட் கிழிச்சாங்களா?"

சரோஜா கொஞ்ச நேரம் வறுத்தாள். பிறகு கரண்டி மெதுவாக ஓடியது. பிறகு நின்றது.

அவர்கள் கல்யாணம் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே லைன் விகாரில் நடந்தது. குடியாத்தத்திலிருந்து வந்த அவளுடைய தாய்மாமன் பாதியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தாலியும் இல்ல, மேளமும் இல்ல. இது கல்யாணமா, நாடகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று வருடம் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தி சரோஜாவின் கழுத்தைப் பார்ப்பாள். சரோஜாவும் விடமாட்டாள். "நாலு பேரு முன்னாடி மனசு அறிஞ்சு வாயத் தொறந்து சொன்னா அதான் கல்யாணம். கயிறு மாட்டுக்கும்தான் கட்டறாங்க" என்பாள். சொல்லிச் சொல்லியே அந்த வாய்கள் அடங்கின.

இப்போது அவளே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க."

"ம்."

"நேத்து சொன்னது நாடகம்னு நாம சொன்னா, எங்க மாமா சொன்னது கரீட்டாப் பூடுமே?"

"அத்ததான் நான் காலைலேர்ந்து யோசிச்சிக்கினு கீறேன்."

"யோசிக்காதீங்க."

"எப்படி யோசிக்காம..."

"நாலு மணி வரைக்கும் யோசிக்காதீங்கன்னு சொல்றேன். சுரங்கமும் பூட்டுச்சு. நாளைக்கு நாம எந்த ஊருக்குப் போறமோ தெரியாது. அந்த ஆம்பூர்ப் புள்ள ஷூ கம்பெனில சூப்பர்வைசர். குடிக்க மாட்டான். நம்ம ஆளுங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?"

ரவை தீய்கிற வாசனை வந்தது. சரோஜா சட்டியை இறக்கி வைத்தாள். கறுத்த ரவையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை.

"மனசோட சொல்லியிருந்தாதான் கல்யாணம். அதுங்க ரெண்டும் மனசோடயா சொல்லிச்சுங்க? அவ்ளோதான். தீந்துச்சு."

"மனசோட சொன்னாங்களா இல்லையான்னு யாரு பாக்கறது?"

"உள்ளதான கீறா. போய்க் கேளுங்க. கேட்டுட்டு அந்தப் பக்கமாவே போயிடாதீங்க, கடையில ரவ வாங்கணும்."

*

வெண்ணிலா உள் அறையில் சாயங்காலப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மடிப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இன்னாத்துக்கும்மா தமிழ்ல சொன்ன?"

அவள் நிமிரவில்லை. "மறந்துட்டேன் நைனா."

"அந்த ஒரு வார்த்தையா?"

"ம்."

ஒத்திகையில் யார் வசனத்தை மறந்தாலும் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். நேற்று மேடையில் ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை தமிழ் கலக்காமல் பேத்தமங்களாக்காரி மாதிரியே பேசினாள். கடைசி வரிசையில் இருந்த கன்னடக்காரர்கள் இவள் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்கள்.

"மறக்கற ஆளா நீ?"

"நைனா, நீங்க கேட்டது வேற."

"இன்னா வேற?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சொல்ல வந்தாள். அடுக்களையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது, ரவை, ரவை என்று. வெண்ணிலா மறுபடியும் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நேத்ரா மேடம்கிட்ட பேப்பர் இருக்கும். அதுல இன்னா எழுதியிருந்துச்சுன்னு பாருங்க."

"ஆம்பூர்க்காரங்க வராங்க. அந்தப் புள்ளய நீ பார்த்துட்ட. உனுக்கு அதுல சம்..."

இருபத்திரண்டு வருடமாக நூறு பெண்களிடம் கேட்ட வார்த்தை. சொந்த மகளிடம் பாதியிலேயே நின்றுவிட்டது.

*

கிளப் ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நேத்ரா மேடை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். குட்டை முடி, பெரிய கண்ணாடி, முப்பது வயது இருக்கும். தம்மபாலனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அங்கிள்! தும்ப சென்னாகித்து! எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? அந்தக் கல்யாண சீன்ல எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அந்த சீன் எழுதின பேப்பர் கீதாம்மா?"

கொடுத்தாள். தம்மபாலன் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'பெரியவர்: இவரை ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"நான் இத்த கேக்கலயா?"

"இல்ல அங்கிள். நேத்து நீங்க வேற கேட்டீங்க."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒத்திகையில் எப்போதும் பேப்பரைப் பார்த்துத்தான் கேட்டார். நேற்று மாலைத் தட்டில் பேப்பரை ஒட்டி வைத்திருந்தார்கள். எதிரிலிருந்து பெரிய விளக்கு ஒன்று முகத்தில் அடித்தது. முப்பத்தோரு வருடம் விளக்கு அவர் தலையில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்தது. நேற்றுதான் முதல் தடவையாக ஒரு விளக்கு அவரைப் பார்த்தது. பேப்பரில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. நிமிர்ந்து, எதிரில் நின்ற முகத்தைப் பார்த்து, வாய்க்குப் பழகினதைக் கேட்டுவிட்டார்.

'யாரும் கட்டாயப்படுத்தாம, யாருக்கும் பயப்படாம, உன் மனசு அறிஞ்சு இவர ஏத்துக்கறியாம்மா?'

விகாரில் கேட்கிற அதே கேள்வி. ஒரு சொல் குறையவில்லை.

"பெங்களூர்லயும் அதையே வச்சுக்கலாம் அங்கிள்" என்றாள் நேத்ரா. "அவங்க ரெண்டு பேரும் மொழிய மாத்திச் சொன்னாங்களே, அதுவும் அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் ஆறு ஷோ."

"ஆறு தடவ கல்யாணமா?"

நேத்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்மபாலன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அங்கிள், நடிக்கறப்ப எப்பவாவது ஒரு நிமிஷம் அப்படி வரும். வேஷம் கழண்டு போயிரும்."

"கழண்டு போனா அங்க நிக்கறது யாரு?"

"அதான் அங்கிள் தியேட்டரே!"

தம்மபாலனுக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மஞ்சுநாத் ஏணி மேல் நின்று விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பழகுகிறவன். இவரைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"எறங்கி வாப்பா."

இறங்கி வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ சம்மதம்னுதான சொல்லணும்?"

"ஹௌது சார், ஆமா."

"இன்னாத்துக்கு ஒப்பிகேன்ன?"

"ரெண்டு மாசம் பேப்பர் பாத்துக் கேட்டீங்க சார். நானும் தமிழ்ல பதில் சொன்னேன். அது வேஷம். நேத்து என் முகம் பாத்துக் கேட்டீங்க. பயப்படாம மனசு அறிஞ்சு சொல்லுன்னு. எங்க வீட்லயும் சரி, ஃபேக்டரியிலயும் சரி, என்ன யாரும் அப்படிக் கேட்டதே இல்ல சார். எனக்குப் பயமா ஆயித்து. வாய்ல நம்ம பாஷதான் வந்தது."

"அப்ப மனசோட சொன்னியா?"

"கொத்தில்ல சார்."

"தெரியலன்னா இன்னாப்பா அர்த்தம்?"

"நிஜமா தெரியல சார். ராத்திரி வீட்டுக்குப் போய் யோசிச்சேன். ஒப்பிகே இல்லன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அது வாய்ல வரல."

"எம் பொண்ணுகிட்ட பேசினியா?"

"இல்ல சார். ஷோ முடிஞ்சதும் அவங்க என்னப் பாக்கல. நானும் அவங்களப் பாக்கல. அதுவரைக்கும் தெனமும் பாத்துப் பேசுவோம்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னிக்கு அவங்களுக்கு நிச்சயமாமே. ஒள்ளேயதாகலி சார். நல்லது நடக்கட்டும்."

இவன் காதலிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு அறை கொடுத்திருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். இரண்டும் இல்லாமல் தெரியவில்லை என்கிறான். அவன் முகத்தில் பொய்யும் இல்லை.

தப்பு தன்னுடையது என்பது மட்டும் தம்மபாலனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளைகள் நடிக்கத்தான் நின்றார்கள். நடிக்கத் தெரியாத ஆள் ஒருத்தன் நடுவில் போய் நின்று நிஜமாகக் கேட்டுவிட்டான்.

ஊரிகத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தார். ரவை வாங்க மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் வாங்கி வந்தார்.

*

நாலு மணிக்கு ஆம்பூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சித்தார்த், அவன் அம்மா குணசுந்தரி, கூட உறவுக்காரர்கள் இரண்டு பேர். குணசுந்தரி கணீரென்று பேசுகிற அம்மாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நாங்க நேத்தே வந்துட்டோம் சம்பந்தி. ஆண்டர்சன்பேட்டையில எந்தங்கச்சி வீடு கீது. அங்க தங்கினோம். அப்படியே உங்க நாடகத்தையும் பார்த்துட்டோம்."

சரோஜா கையில் இருந்த கப்புகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாமா நடிச்சா எம் மருமவ! கன்னடக்காரியேதான்னு நெனச்சேன். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? எல்லாரும் சாது சொல்றாங்களேன்னு இவனும் சாது, சாதுன்றான். டேய், அது உன் பொண்டாட்டிடா, பக்கத்துல நிக்கறவன் வேற ஆளுடான்னு தொடையில ஒன்னு கிள்ளினேன்."

வீடே சிரித்தது. சம்பங்கிதான் அதிக நேரம் சிரித்தார். சித்தார்த் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். சரோஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர்களே நாடகம் என்று எடுத்துக்கொண்டார்கள். இனி யாருக்கு என்ன? கணவரைப் பார்த்தாள். பாத்தீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள்.

தம்மபாலன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப்போன டீயை.

வெண்ணிலா வந்து உட்கார்ந்தாள். பூவும் பழமும் வைத்த தட்டுகள் நடுவில் இருந்தன. தட்டு மாற்றுவதற்கு முன்னால் இருவரையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். விகார் வழக்கம் அது. கேட்க வேண்டியவர் தம்மபாலன். சம்பங்கி நோட்டைப் பிரித்துத் தேதி எழுதிக்கொண்டார்.

சரோஜா கணவர் காதருகே குனிந்தாள். "சுருக்கமாக் கேளுங்க. நாடகத்துக்கு நேத்ரா பேப்பர்ல எழுதிக் குடுத்துச்சே, அந்த மாதிரி."

அவர் மனைவியைப் பார்த்தார். நிஜ நிச்சயத்துக்கு நாடகக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறோம் என்பது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"தம்பி சித்தார்த்து. யாரும் கட்டாயப்படுத்தாம, யாருக்கும் பயப்படாம, உன் மனசு அறிஞ்சு எம் பொண்ணக் கட்டிக்கறியாப்பா?"

"சம்மதம் மாமா."

தம்மபாலன் மகள் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை கண்ணைக் கூசுகிற விளக்கு இல்லை. மகள் முகம் நன்றாகத் தெரிந்தது.

"யாரும் கட்டாயப்படுத்தாம, யாருக்கும் பயப்படாம, உன் மனசு அறிஞ்சு இவர ஏத்துக்கறியாம்மா?"

வெண்ணிலா தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"ஒப்பிகே."

"இன்னா சொன்னா?" என்றாள் குணசுந்தரி.

"சம்மதம்னுதான் சொல்றா" என்று சரோஜா முந்திக்கொண்டாள். "கன்னடத்துல. எங்க ஊர்ல எல்லாத்தையும் கலந்துதான் பேசுவோம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அகராதி எடுத்துப் பார்த்தாலும் அதுதான் அர்த்தம். குணசுந்தரியின் முகம் மலர்ந்தது. தட்டைத் தூக்கக் குனிந்தாள். சம்பங்கி பேனாவை நோட்டில் வைத்தார்.

கீழே சுரங்கத்தில் பாறை இறங்குகிறது என்று தெரிந்தால் முதலில் கத்த வேண்டியவன் டிம்பர்மேன். அவன் சும்மா இருந்தால் மற்றவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி அடியில் நிற்பார்கள்.

"எழுதாத சம்பங்கி."

"இன்னா பாலா?"

"எழுதாத."

தம்மபாலன் குணசுந்தரியைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிக்கணும்மா. இப்ப அவ சொன்னது நாடகத்துல பேச வேண்டிய வசனம். நேத்து பேசல. இன்னிக்குப் பேசறா."

"எனக்கு ஒன்னும் புரியலயே சம்பந்தி. அப்ப நேத்து பேசினது?"

"நேத்து நான் நடிக்கலமா, நெசமாவே கேட்டுட்டேன். எனுக்கு நடிக்க வராது."

சரோஜா சுவரில் சாய்ந்தாள். வெண்ணிலாவின் முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வேண்டுமென்றே அப்படிச் சொன்னாளா, இரண்டு மாதப் பழக்கத்தில் வாய் தவறியதா? அவளுக்கே தெரியாதது மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர் ஒருவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குணசுந்தரி தட்டைப் பிடித்தபடியே இருந்தாள். அதை வைப்பதா எடுப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சித்தார்த்தான் பேசினான்.

"அம்மா, தட்ட கீழ வை." பிறகு தம்மபாலனிடம் சொன்னான். "மாமா, எனக்குக் கன்னடம் தெரியும். ரெண்டு வருஷம் பெங்களூர்ல வேல செஞ்சேன். நேத்தே யோசிச்சேன். நாடகம் முழுக்க கன்னடம் பேசிக்கினு இருந்தவங்க, அந்த ஒரு எடத்துல ஏன் தமிழ்ல சொன்னாங்கன்னு. வெளையாட்டா எடுத்துக்கினு சாது சொல்லிட்டேன். இன்னிக்கு அவங்க சொன்ன வார்த்தையும் புரிஞ்சுது. எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னுதான் புரியல."

சித்தார்த் வெண்ணிலாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

"அத்த அவங்களையே கேக்கணும். நீங்க கேக்கற மாதிரி இல்ல. நான் கேக்கணும். யாரும் கூட இருக்கக்கூடாது."

அம்மாவின் முகத்தையும் பார்க்காமல், அப்பாவின் முகத்தையும் பார்க்காமல், வெண்ணிலா அவனோடு பேச எழுந்தாள்.